நானோவைத் துடைத்தவன்

ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் பெரிய கெடுதல் வருவதில்லை. தூரத்தில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவான். அதே விஷயத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு கட்டுரையும் நூலகத்தில் இரண்டு புத்தகமும் படித்தவன் இருக்கிறான் பாருங்கள், அவனை மட்டும் பக்கத்தில் சேர்க்கவே கூடாது. இதை நான் ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. அந்த இரண்டாமவன் நான்தான்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் முதல் டிவி எந்த வருஷம் வந்தது, பழைய தியேட்டரை எப்போது இடித்தார்கள் என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நாள், கிழமை, அன்று மழை பெய்ததா என்பது வரை சொல்லுவேன். (கேட்டவர் கிளம்பிய பிறகும் சொல்லிக்கொண்டிருப்பேன் என்று என் மனைவி ராஜேஸ்வரி சொல்வாள். அது மிகை.) இந்தச் சம்பவம் நடந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்த மறுவாரம், வியாழக்கிழமை. ராஜேஸ்வரி புதன்கிழமை என்கிறாள். அவள் கருத்தை மதிக்கிறேன். ஆனால் அது வியாழக்கிழமை.

எனக்கு வேலை சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில். ஆஸ்பத்திரிக்குப் போகும் துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, தரம் பார்த்து அனுப்ப வேண்டும். ஒரு கரும்புள்ளி, ஒரு தூசி கண்ணில் பட்டால் துணிக்கட்டு முழுவதும் திரும்பி வந்துவிடும். முப்பது வருஷமாகத் தூசியைத் தேடித் தேடியே என் கண் பழகிவிட்டது. கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் எதிரே இருப்பவரின் மூக்குக்கண்ணாடியில் படிந்த தூசிதான் முதலில் தெரியும். அதனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு முழம் பேண்டேஜ் துணி மடித்து வைத்திருப்பேன். கொரோனா வந்துபோன பிறகு அதற்குத் துணையாக ஒரு சானிடைசர் பாட்டிலும் சேர்ந்துகொண்டது. ஊரே அதை மறந்த பிறகும் நான் விடவில்லை.

என் மகள் கார்த்திகா ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். ஆராய்ச்சி, சூரிய மின்கலத்தைப் பற்றி. மொட்டைமாடியில் மாட்டுகிற பெரிய பலகை அல்ல. தபால்தலை அகலக் கண்ணாடித் துண்டில், உள்ளே திரவம் எதுவும் இல்லாமல், ஒழுகாமல், முழுக்கத் திடப்பொருளாலேயே செய்கிற புது வகை. அதில் என்ன சிக்கல் என்று ஒரு நாள் தோசை சாப்பிட்டபடி எனக்குச் சொன்னாள்.

“இந்தத் திட வகையில பூச்சை ரொம்ப மெல்லிசாத்தான் போடணும்ப்பா. மெல்லிசாப் போட்டா வெளிச்சம் பாதி தப்பிச்சு ஓடிரும். அந்த மெல்லிசுக்குள்ளயே அதைப் பிடிச்சு வைக்கணும். தேரோட்டத்துக்கு வந்த கூட்டம் வெளிய போக வழி தெரியாம நாலு ரத வீதிக்குள்ளயே சுத்திச் சுத்தி வருதுல்லா? அது மாதிரி வெளிச்சத்தை அலைய விடணும். அதுக்குத்தான் நானோ...”

இந்த இடத்தில் அவளை முடிக்க விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. “நானோ”வைக் கேட்டதும் நான் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

“நானோவைப் பத்தி எனக்கா சொல்லுதே? ஒரு தலைமுடியோட தடிமன்ல பல்லாயிரத்துல ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது. லென்ஸ் வச்சாலும் தெரியாது. அதுக்குன்னு தனி மைக்ராஸ்கோப் இருக்கு.” அதற்குப் பிறகு அந்த மைக்ராஸ்கோப்பின் வரலாற்றையும் சொன்னேன். கார்த்திகா தோசையை முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

ஆக, நான் நெஞ்சில் பதித்துக்கொண்டது ஒன்றே ஒன்று: நானோ கண்ணுக்குத் தெரியாது.

அந்த ஆடி மாதம் கல்லூரி லேபில் மர வேலை நடந்தது. ரம்பத்தூள் பறக்கிற இடத்தில் தன் கண்ணாடித் துண்டுகளை வைக்க பயந்து, கார்த்திகா அவற்றை ஒரு நீல டப்பாவில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்திருந்தாள். நம் வீட்டைவிடப் பத்திரமான இடம் எது என்று நானும் பெருமையாகச் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை (புதன் அல்ல) அவள் லேபுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

“அப்பா, நீல டப்பாவை மறந்துட்டேன்! மெட்ராஸ்ல இருந்து ஒரு சார் வாராவ. பெங்களூரு லேபுக்கு ஆறு மாசம் அனுப்ப ஒரே ஒரு ஆளை இன்னைக்கு எடுக்காவ. செஞ்சு வச்ச கண்ணாடித் தகட்டை அவிய கண்ணால பாத்தாத்தான் உண்டு. உடனே எடுத்துட்டுப் பஸ் ஏறுங்க.”

“இந்தா, கிளம்பிட்டேன்.”

“அப்பா, ஒரே ஒரு விஷயம். தூசி மட்டும் பட்டுரக் கூடாது.”

இதை யாரிடம் சொல்கிறாள்? எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அந்தப் பெங்களூரு வாய்ப்புக்காகப் பிள்ளை மாதக்கணக்கில் தூங்காமல் பாடுபட்டவள். அங்கே இருக்கிற அளவுக் கருவிகள் இங்கே கிடையாது. அங்கே போனால்தான் அவள் ஆராய்ச்சி கரையேறும். அந்தப் பொறுப்பு முழுவதும் இப்போது என் மடியில். சட்டையை மாட்டினேன். பேண்டேஜ் துணி இருக்கிறதா, சானிடைசர் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் தளவாய்புரத்து அம்மா ஒருவர், மடியில் பெரிய நைட்டி மூட்டையோடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பவராம். பஸ் ஊரைத் தாண்டியதும் எனக்குள் இருந்த தரம் பார்ப்பவன் விழித்துக்கொண்டான். அனுப்புகிற சரக்கைத் திறந்து பார்க்காமல் அனுப்பிய பழக்கம் எனக்கு இல்லை.

டப்பாவைத் திறந்தேன். ஒரு டஜன் கண்ணாடித் துண்டுகள். எல்லாவற்றின் மேலும், நடுவில், சதுரமாக, மங்கலாக, வெள்ளை வெள்ளையாகத் தூசி.

ஏற்கெனவே தூசி படிந்துவிட்டது! மெட்ராஸில் இருந்து வருகிற பெரிய மனுஷர் கையில் இதையா கொடுப்பது? ஒரு துண்டை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. இந்த இடத்தில் என் புத்தி வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். நானோ கண்ணுக்குத் தெரியாது. இது கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே இது நானோ அல்ல. ஆகவே இது தூசி. (தூசி எதற்காக அளவெடுத்த மாதிரி சதுரமாகப் படிய வேண்டும் என்று ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.)

பேண்டேஜ் துணியை எடுத்துத் துடைத்தேன். லேசில் போகவில்லை. ‘ஹா’ என்று ஊதித் துடைத்தேன். கொஞ்சம் போயிற்று. சானிடைசரை இரண்டு சொட்டு விட்டு, கட்டைவிரலைக் கொடுத்து அழுத்தித் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது பாருங்கள்! தண்ணீர் மாதிரி கண்ணாடி. மேற்கே மலை தெரிந்தது அதற்குள்.

தளவாய்புரத்து அம்மா வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, பொம்மைக் கண்ணாடியா?”

“இல்லம்மா, ஆராய்ச்சி. எம் மக செய்யுதா. வெயில்ல இருந்து கரண்டு எடுக்கது.”

“அடி ஆத்தி. இம்புட்டு அழுக்கா இருந்தா வெயிலு எப்படி உள்ள போவும்?”

“அதைத்தான் நானும் சொல்லுதேன்!”

“அந்த மூலையில இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. நகத்தால சுரண்டுங்க.”

சுரண்டினேன். உலகத்தில் இரண்டு பேர் இவ்வளவு மன ஒற்றுமையோடு ஒரு காரியத்தில் ஈடுபட்டு நான் பார்த்ததில்லை. நான் துடைப்பேன், அந்த அம்மா வாங்கி வெளிச்சத்தில் பார்ப்பார், திருப்தி இல்லையென்றால் தலையை ஆட்டித் திருப்பிக் கொடுப்பார். எங்கள் கம்பெனியில் அவரை வேலைக்குச் சேர்த்தால் என் வேலை போயிருக்கும். துண்டுகளின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஏதேதோ எண் கிறுக்கியிருந்தது. சானிடைசரில் அதுவும் அழகாகப் போயிற்று.

கோயில் கோபுரம் கண்ணில் பட்டபோது டப்பாவில் ஒரே ஒரு துண்டுதான் பாக்கி. அதை எடுக்கும்போது கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். “விடுங்க அண்ணாச்சி, ஒண்ணு தானே, அங்க போயித் துடைச்சுக்கிடலாம்” என்று அந்த அம்மா தேற்றினார். மனமில்லாமல் டப்பாவை மூடினேன்.

லேபுக்குள் நான் நுழைந்தது ஒரு வெற்றி வீரனைப் போல. கார்த்திகாவும் அவளுக்கு வழிகாட்டியான மேடமும் மேசையருகே நின்றிருந்தார்கள். மெட்ராஸ் சார் பக்கத்து அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நல்லவேளை வந்தீங்க!” என்று டப்பாவை வாங்கித் திறந்தாள். அப்படியே நின்றாள்.

“அப்பா... இது மேல வெள்ளையா ஒண்ணு இருந்துச்சே?”

“அதையா கேக்கே? எம்புட்டுத் தூசி தெரியுமா! நல்லவேளை, நான் பாத்தேன். பஸ்ஸுலயே உக்காந்து பூராத்தையும் துடைச்சுட்டேன். ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. கொண்டா, இப்பவே முடிச்சிருதேன்.”

பையிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு கையை நீட்டினேன். என் மகள் அந்தக் கடைசித் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் தாவியதை நான் சாகும்வரை மறக்க முடியாது. கொள்ளைக்காரனைப் பார்த்த மாதிரி பார்த்தாள்.

“கிட்ட வராதீங்கப்பா!”

மேடம் மெதுவாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். “சார், அது தூசி இல்ல சார்” என்றார். “அதுதான் நானோ.”

“அது கண்ணுக்குத் தெரிஞ்சுதே மேடம்!”

“ஒண்ணு ஒண்ணாத் தெரியாது சார். கோடிக்கணக்குல சேர்ந்து கிடந்தாத் தெரியும். வாசல்ல கோலம் தெரியலையா?”

மேடம் எனக்குப் பொறுமையாக விளக்கினார். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொருளின் மிக நுண்ணிய துகள்களைக் கூழாக்கி, கண்ணாடியில் இழுத்துப் பூசி, உலையில் சுட்டு எடுத்த பூச்சாம் அது. சுட்ட பிறகும் சுண்ணாம்பு மாதிரிதான் ஒட்டியிருக்குமாம். வழவழப்பான பரப்பில் விழுந்த வெளிச்சம் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விடும். இந்தத் துகள்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத சந்துபொந்துகள் ஏராளம். வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிற சாயம் அங்கேதான் போய் ஒட்டும். அங்கேதான் வெளிச்சம் சிக்கும். கார்த்திகா தேர்க்கூட்டத்தைச் சொன்னாளே, அந்த நாலு ரத வீதி இதுதான். அதைத்தான் நான் சானிடைசர் போட்டுத் துடைத்து, மூலையில் இருந்ததை நகத்தால் சுரண்டி, தளவாய்புரத்து அம்மாவிடம் தரச் சான்றிதழும் வாங்கி வந்திருந்தேன்.

“மறுபடி செய்ய எம்புட்டு நேரம் ஆகும்மா?” என்று கேட்டேன்.

“நேரமா? வாரக்கணக்கு ஆகும்ப்பா” என்றாள். திட்டவில்லை, அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. துடைத்த துண்டு ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

அப்போது மெட்ராஸ் சார் உள்ளே வந்தார். நெடுநெடுவென்று உயரம், அதிகம் பேசாத ஆள். கார்த்திகா மிச்சமிருந்த ஒற்றைத் தகட்டை நீட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பூச்சு நல்லா இருக்கு. சரி, நானோ பூச்சு இல்லாத தகடு எங்கம்மா? எதோட ஒப்பிட்டு, இது கூடுதலா வெளிச்சம் வாங்குதுன்னு சொல்லுவ?”

மேடம் முகம் சுருங்கியது. அப்படி ஒரு மொட்டைத் தகட்டையும் செய்து வைக்கச் சொல்லியிருந்தாராம். மர வேலைக் களேபரத்தில் அது நடக்கவில்லை. கார்த்திகா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். கண்ணில் ஏதோ மின்னியது.

“இருக்கு சார். பதினொண்ணு இருக்கு.”

நீல டப்பாவை அப்படியே அவர் முன்னால் நகர்த்தினாள். பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். “இதெல்லாமே நானோ பூசுன தகடுதான் சார். அப்பா பஸ்ஸுல வரும்போது தூசின்னு நினைச்சுத் துடைச்சுட்டாவ. ஆனா அடியில ஒரு வழவழப்பான பூச்சு இருக்கு. அது கண்ணாடியோட கெட்டியா ஒட்டிப்போனது, துணிக்கெல்லாம் போகாது. மேல இருந்த நானோ மட்டுந்தான் போயிருக்கு. அதனால ரெண்டுக்கும் வேற ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டையும் ஒரே சாயத்துல போட்டுக் காட்டுதேன் சார்.”

மெட்ராஸ் சார் துடைத்த தகடு ஒன்றை எடுத்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு என் கையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த பேண்டேஜ் துணியைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பதறிவிட்டேன்.

“மூலையில கூட ஒரு துளி விடலையே சார்!” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “என்ன வேலை பாக்குறீங்க?”

சொன்னேன். அவருக்கு இன்னும் அதிகமாகச் சிரிப்பு வந்தது.

சாயம் ஏற நேரமாகும் என்றார்கள். அதுவரை நான் எதையும் தொடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். (“அப்பா, சாருக்குப் பால்கோவா வாங்கிட்டு வாங்க. மெதுவா வாங்க.”) கடை கடையாக நின்று, உலகத்திலேயே மெதுவாகப் பால்கோவா வாங்கிய மனிதன் அன்று நானாகத்தான் இருக்கும். பெருமாளையும் தாயாரையும் தெருவில் நின்றபடியே கும்பிட்டேன். பிள்ளை பெங்களூரு போக வேண்டும் என்று வேண்டியபோது, இனி பாக்கெட்டில் துணி வைக்க மாட்டேன் என்றும் நேர்ந்துகொண்டேன்.

திரும்பி வந்தபோது இரண்டு தகடுகளும் ஜன்னல் ஓரத்தில் வெள்ளைத் தாளின் மேல் இருந்தன. நானோ இருந்த தகடு மாதுளம்பழச் சிவப்பு. நான் துடைத்தது, வெளிறிய பன்னீர் ரோஜா மாதிரி லேசான ஒரு நிறம், அவ்வளவுதான். ஒரே சாயம், ஒரே நேரம். மெட்ராஸ் சார் இரண்டையும் வெயிலில் தூக்கிப் பிடித்தார். என் தகட்டில் வெளிச்சம் அப்படியே ஊடுருவி அவர் சட்டையில் விழுந்தது. இன்னொன்றின் நிழல் மட்டும்தான் விழுந்தது. வெளிச்சத்தை அது பிடித்து வைத்துக்கொண்டது.

என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. “இது எங்க முங்கு சோதனைல்லா!”

எல்லோரும் திரும்பினார்கள். வேறு வழியில்லாமல் சொன்னேன். எங்கள் கம்பெனியில் துணியைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். பக்குவப்படுத்தாத துணி மிதக்கும். பக்குவப்படுத்திய துணி தண்ணீரை இழுத்துக்கொண்டு சட்டென்று முங்கும். பார்வைக்கு இரண்டும் துணிதான். ஈரத்தை இழுப்பதற்குத்தான் என் வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். வெளிச்சத்தை இழுக்கிற ஒன்று கையில் கிடைத்ததும், துடைத்து எறிந்துவிட்டேன்.

“அதேதான் சார்” என்றார் மெட்ராஸ் சார் பால்கோவாவை வாயில் போட்டபடி. “நல்லாப் புரிஞ்சுகிட்டீங்க. கொஞ்சம் லேட்டு.”

அன்று அவர் முடிவு எதையும் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் கார்த்திகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி வழியில் அவள் திடீரென்று, “நகத்தால சுரண்டினீங்களாப்பா?” என்று கேட்டாள். “அந்த அம்மாதான் சொன்னாவ” என்றேன். அவ்வளவுதான், ராஜபாளையம் வரும்வரை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் இருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் பெங்களூருக்குத் தேர்வானதாகச் செய்தி வந்தது. கிளம்பும்போது புதிதாகச் செய்த தகடுகளை அவளே மடியில் வைத்துக்கொண்டு போனாள். ரயிலேற்றிவிடப் போன என்னைத் தாயும் மகளும் பெட்டியின் வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அவள் டாக்டர் கார்த்திகா, அதே பெங்களூரு லேபிலேயே வேலை. அவளுடைய ஆய்வேட்டில் நன்றி சொல்லும் பக்கத்தில், மேடத்துக்கும் மெட்ராஸ் சாருக்கும் அடுத்தபடியாக, “ஒப்பீட்டுத் தகடுகளை மிகுந்த சிரத்தையோடு தயாரித்துத் தந்த என் தந்தைக்கு” என்று அச்சிட்டிருக்கிறது. விஷயம் தெரியாத சொந்தக்காரர்கள் அதைப் படித்துவிட்டு நான் ஏதோ விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்களோ, வீட்டில் எது காணாமல் போனாலும், மூக்குக்கண்ணாடியோ சாவியோ சாம்பாரில் உப்போ, “அப்பா துடைச்சிருப்பாவ” என்கிறார்கள்.

போன வருஷம் எங்கள் வீட்டு மாடியிலும் சூரியப் பலகைகள் போட்டோம். ஆடிக் காற்றுக்கு ஒரு வாரத்திலேயே அதன் மேல் மண் படிந்துவிடும். அதை மாதம் ஒரு தடவையாவது துடைக்க வேண்டும் என்று மாட்ட வந்தவர்களே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தூசி தெரிந்தும் துடைக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்கே தெரியும். ஈரத் துணியோடு மாடிப்படியில் காலை வைத்தேனோ இல்லையோ, கீழேயிருந்து ராஜேஸ்வரியின் குரல் வரும்.

“ஏங்க, மககிட்ட கேட்டீங்களா?”

பெங்களூருக்குப் போன் போடுவேன். வீடியோவில் பலகையைக் காட்டச் சொல்வாள். விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டச் சொல்வாள். காட்டுவேன். அவளைச் சுற்றி லேபில் நாலைந்து பேர் கூடிவிட்டது சத்தத்திலேயே தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்ப கம்பீரமாக அறிவிப்பாள்:

“தூசிதான்ப்பா. துடைங்க.”

அதற்குப் பிறகுதான் துடைப்பேன். அந்தச் சம்பவம் நடந்தது புதன்கிழமை என்று ராஜேஸ்வரி இன்றும் சொல்கிறாள். நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.